அக்கா வீட்டுக்கு மலையூர் போனேன், தலைவலியைச் சொல்லாமல் இருந்தேன்

அக்காவும் அத்தானும் வேலை மாற்றலாகி ஒரு மலையூருக்குக் குடிபோய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போனில் பேசும்போதெல்லாம் "எப்போடி வர்றே?" என்பாள். பக்கத்தில் நின்று அவள் மகள், "சித்தி, இங்க பனி இருக்கு" என்று கத்துவாள். ஒருவழியாக இந்த வருடம் ஒன்பது நாள் விடுப்பு கிடைத்தது. கடலோரச் சமவெளியில் காலையில் கிளம்பி, நடுப்பகலில் அந்த ஊரில் இறங்கிவிட்டேன். ஊர் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எந்த ஊர் என்பது இந்த விஷயத்துக்கு முக்கியமில்லை. லடாக்கில் லே, திபெத்தில் லாசா, பெருவில் குஸ்கோ எல்லாமே கிட்டத்தட்ட இந்த உயரம்தான். உங்கள் சொந்தக்காரர்களோ நண்பர்களோ அப்படி ஒரு ஊரில் இருந்து, அவர்களைப் பார்க்க நீங்கள் கிளம்பிக்கொண்டிருந்தால், நான் பட்டதை ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

இறங்கிய முதல் மூன்று நான்கு மணி நேரம் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், நான் ஏமாந்தது இங்கேதான். வெயில் பளிச்சென்று இருந்தது, காற்று சில்லென்று இருந்தது, மனசு துள்ளியது. சாலையிலிருந்து அக்கா வீட்டுக்கு நாற்பத்திரண்டு படிகள். அத்தான் பெட்டியை வாங்க வந்தார், நான் கொடுக்கவில்லை. "விடுங்க அத்தான், நானே தூக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, குழந்தையோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறினேன். மேலே போனதும் மூச்சு வாங்கியது. ரொம்ப நாளாக உடற்பயிற்சி இல்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பெட்டியைத் திறந்து சாமான்களைப் பிரித்தோம். ஷாம்பு பாட்டில் உப்பி, மூடி கசிந்து, துணியெல்லாம் நனைந்திருந்தது. வெளியே காற்றழுத்தம் குறைந்ததால் பாட்டிலுக்குள் இருந்த காற்று விரிந்திருக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்தோம். பாட்டிலுக்கு நடந்தது என் உடம்புக்கும் ஏதாவது செய்யும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

உடம்புக்குள் நடப்பது இதுதான். உயரத்தில் ஆக்ஸிஜன் சதவீதம் குறைவதில்லை; கடற்கரையிலும் காற்றில் சுமார் 21 சதவீதம், மலை உச்சியிலும் அதே 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். 3,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், 5,500 மீட்டர் வாக்கில் பாதியாகிவிடும். அதனால் ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் நமக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. உடம்பு இதைச் சமாளித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். 1978-இல் மெஸ்னர், ஹாபெலர் என்கிற இரண்டு மலையேற்ற வீரர்கள் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமலே எவரெஸ்ட் உச்சிக்குப் போனார்கள் என்றால், அதற்கு முன் வாரக்கணக்கில் மலையில் இருந்து உடம்பைப் பழக்கியிருந்தார்கள். நான் என் உடம்புக்கு ஒரே ஒரு முற்பகல் கொடுத்தேன். 2,500 மீட்டருக்கு மேல் போகிற யாருக்கும் மலைநோய் வரலாம், அது பெரும்பாலும் போய்ச் சேர்ந்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். "இறங்கினதும் நல்லாத்தானே இருந்தீங்க, அதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க" என்றார்.

முதல் நாள் இரவு பத்து மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். படுக்கப் போகும்போது நெற்றிப்பொட்டில் லேசாகத் தெறித்தது. பயணக் களைப்பு என்று விட்டுவிட்டேன். நள்ளிரவு தாண்டி திடுக்கென்று விழித்தேன். மூச்சு நின்றுபோன மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்து நாலைந்து தடவை ஆழமாக இழுத்தேன், சரியானது. கண் அசந்ததும் மறுபடியும் அதே. உயரத்தில் தூங்கும்போது மூச்சு சில நொடி நின்று, பிறகு வேகமெடுத்து, மறுபடி தணிவது சகஜமாம். புதிதாக வருகிற நிறையப் பேருக்கு இது உண்டு, அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை என்று இப்போது தெரியும். அன்று இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது தெரியாது. ஏதோ இதயக் கோளாறு என்றே நினைத்தேன். பக்கத்து அறையில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டலாமா என்று இரண்டு முறை எழுந்து போய், தட்டாமலே திரும்பி வந்தேன். காலையில் அவளுக்கு வேலை இருக்கிறது, வந்த முதல் நாளே ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்ற யோசனை. அந்த இரவு மாதிரி ஒரு நீளமான இரவை நான் பார்த்ததில்லை.

மறுநாள் அவர்கள் மூவரும் கிளம்பிப் போனார்கள். கதவு சாத்தும் வரை சிரித்துக்கொண்டு நின்றேன், அப்புறம் போய்ப் படுத்துவிட்டேன். தலை முழுக்க யாரோ கயிறு கட்டி இறுக்குவது போல வலி, குனிந்தால் இன்னும் அதிகம். வாயில் எதுவும் இறங்கவில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கச் சொன்னது போல, பல் தேய்ப்பதே பெரிய வேலையாக இருந்தது. பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தாள். "என்னடி பண்றே? தூங்கினியா?" என்றாள். "நல்லா தூங்கி இப்பத்தான் எழுந்தேன்க்கா" என்றேன். அந்த ஒரு பொய்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். சனி, ஞாயிறுக்கு அவர்கள் எனக்காக ஏரிக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார்கள். ஏரிக்கரையில் ஓர் இரவு தங்க அறைக்குப் பணம் கட்டியாயிற்று. அத்தான் விடுப்பு கேட்டு வாங்கியிருந்தார். குழந்தை ஒரு வாரமாகத் தூங்கும்போதுகூட அதையே பேசிக்கொண்டிருந்தாளாம். இவ்வளவு ஆசையாகச் செய்கிறவர்களிடம் "எனக்கு முடியவில்லை" என்று சொல்ல வாய் வரவில்லை.

விருந்தாளியாகப் போகும்போது இருக்கிற ஆபத்தே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாக விடுதியில் தங்கியிருந்தால் அந்தத் தலைவலிக்கு அன்று காலையே மருத்துவரிடம் போயிருப்பேன். சொந்தக்காரர் வீடு என்றதும் அவர்கள் மனம் கோணக்கூடாது என்கிற எண்ணம் முன்னால் வந்துவிடுகிறது. அந்தப் பக்கமும் ஒரு மறதி இருக்கிறது. ஒன்றரை வருடம் அங்கேயே இருந்த அக்காவுக்கு அந்த உயரம் பழகிவிட்டது. தான் வந்த முதல் வாரம் எப்படிக் கிடந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஆகவே, போகிறவர்கள் மறைக்காதீர்கள், வீட்டில் இருப்பவர்கள் கேட்க மறக்காதீர்கள். "நல்லாருக்கியா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "நல்லாருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். "தலை வலிக்குதா? குமட்டுதா? நடக்கும்போது தலை சுத்துதா? வழக்கத்துக்கு மீறி அசதியா இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மருத்துவர்கள் மலைநோய்க்குப் பயன்படுத்தும் லேக் லூயிஸ் மதிப்பெண் முறையில் இருப்பதும் இந்த நான்கு கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலி இருந்து, கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மலைநோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு தூக்கமின்மையும் அந்தப் பட்டியலில் இருந்தது, 2018-இல் அதை எடுத்துவிட்டார்கள். நான் அன்று காலை கணக்குப் போட்டிருந்தால் 7 வந்திருக்கும்.

கணக்கு எதுவும் போடாமல் வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். இரண்டு மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. சரியாகிவிட்டது என்று நம்பினேன். மாலையில் குழந்தையோடு உட்கார்ந்து தாயம்கூட ஆடினேன். வலி மாத்திரை சாப்பிடுவதில் தப்பில்லை, மருத்துவரே பிறகு கொடுத்தார். ஆனால் மாத்திரை போட்டு வலி அமுங்கியிருப்பது குணமானதாக ஆகாது. மாத்திரை இல்லாமலே வலி வராமல் இருந்தால்தான் உடம்பு பழகிவிட்டது என்று அர்த்தம். அதைவிடப் பெரிய தவறை இரவில் செய்தேன். முதல் நாள் தூங்காத பயத்தில், பையில் வைத்திருந்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். உயரத்தில் புதிதாக வந்திருக்கும்போது அந்த வகை மாத்திரைகள் மூச்சு விடும் வேகத்தையே மந்தமாக்கிவிடும். உடம்பு அதிகமாக மூச்சு வாங்கித்தான் ஈடுகட்டப் பார்க்கிறது, அதை நாமே தடுத்துவிடுகிறோம். மதுவும் அதே வேலையைத்தான் செய்யும். விடுமுறை, கொண்டாட்டம் என்று முதல் இரண்டு நாளில் குடிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். ஏரி 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, போகிற வழியில் 4,900 மீட்டரில் ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். வண்டியில் பாட்டும் பேச்சுமாக இருந்தது. நான் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு குமட்டியது. "வண்டிப் பயணம் ஒத்துக்கல போல" என்று அக்காவிடம் சொன்னேன், அவளும் நம்பினாள். ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். அப்போதும் "திரும்பிடலாமா?" என்று அத்தான் கேட்டார். "ஐயோ வேண்டாம் அத்தான், இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்று நான்தான் சொன்னேன்.

கணவாயில் படம் எடுக்க இறங்கினோம். சாலையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. குழந்தை அதன் மேல் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து நடந்தாள். "சித்தி, நீயும் வா, கோட்டை விட்டு வெளிய வரக்கூடாது" என்றாள். நான் போய் நின்றேன். முதல் அடி வைத்தேன். இரண்டாவது அடி கோட்டுக்கு வெளியே போனது. மறுபடி முயன்றேன். கால் நான் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன், எனக்கு அது விசித்திரமாகக்கூடத் தோன்றவில்லை. அத்தான் முகம் மாறியதை மட்டும் பார்த்தேன். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகத்தில் கொடுத்த பயிற்சியில் இந்தச் சோதனையைத்தான் காட்டியிருந்தார்களாம். நேர்க்கோட்டில் அப்படி ஒட்டி ஒட்டி நடக்க முடியாமல் தள்ளாடினால் மூளை வீங்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கீழே இறங்க வேண்டும். அவர் யாரிடமும் எதுவும் விளக்கவில்லை. "ஏறுங்க, திரும்பறோம்" என்றார்.

இறங்கி வந்த அந்த இரண்டரை மணி நேரம் எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். குழந்தை சத்தமில்லாமல் அழுதாள், ஏரிக்காக இல்லை என்று பிறகு சொன்னாள். ஊர் மருத்துவமனையில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டியதும் 71 என்று காட்டியது. கடல்மட்டத்தில் நமக்கு 95-க்கு மேல் இருக்கும். 3,500 மீட்டருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நன்றாக இருக்கும்போதே 80-களின் கடைசியில் இருப்பது சகஜம். அதனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து அலறவும் கூடாது, எண் நன்றாக இருக்கிறது என்று தலைவலியை அலட்சியப்படுத்தவும் கூடாது. ஆக்ஸிஜன் வைத்தார்கள், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டார்கள். மாலைக்குள் தலை தெளிந்தது. கோட்டில் நடக்கச் சொல்லி மருத்துவர் மறுபடி பார்த்தார், இந்த முறை நடந்தேன். இன்னும் சில மணி நேரம் மேலேயே இருந்திருந்தால், இரவும் அங்கேயே படுத்திருந்தால், நினைவு தப்பியிருக்கும் என்றார். அதைக் கேட்டதும் அக்கா வெளியே போய்விட்டாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பயம், வெட்கம், அவர்களுக்கு இவ்வளவு பெரிய கஷ்டத்தைக் கொடுத்துவிட்டோமே என்கிற வேதனை, எல்லாம் சேர்ந்து வந்தது. அவர்களுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று தொடங்கிய காரியம்தானே இது.

அங்கே இருந்த இரண்டு இரவில் மருத்துவரிடம் நிறையக் கேட்டேன். அவரும் பொறுமையாகச் சொன்னார். இந்த நோய் புதிதே இல்லையாம். ஆண்டிஸ் மலையைக் கடந்த ஹோசே தெ அகோஸ்டா என்கிற ஸ்பானியப் பாதிரியார் 1590-இலேயே தனக்கு வந்த குமட்டலையும் வாந்தியையும் எழுதிவைத்து, காற்று மெலிந்திருப்பதுதான் காரணம் என்று ஊகித்திருக்கிறார். நல்ல உடற்கட்டு, இளவயது எதுவும் காப்பாற்றாது என்பதை மருத்துவர் அழுத்திச் சொன்னார். ஓட்டப்பந்தய வீரர்களுக்கும் வரும். ஒருவேளை திடகாத்திரமானவர்கள் வேகமாக ஏறி, தலைவலியைப் பொருட்படுத்தாமல் போவதால் மாட்டிக்கொள்வதும் உண்டு. முன்பு ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். அங்கேயே குடியிருப்பவர்களும் நீண்ட விடுமுறைக்குக் கீழே போய்விட்டுத் திரும்பினால் கவனமாக இருக்க வேண்டும், குறிப்பாகக் குழந்தைகள். அவர்களுக்கு அப்போது நுரையீரலில் நீர் கோப்பதுண்டு. இது அக்காவுக்குப் புதுச் செய்தி. அந்த நுரையீரல் வகைதான் மலைநோய்களில் அதிகம் பேரைக் கொல்வது. 1960-இல் சார்லஸ் ஹூஸ்டன் என்கிற அமெரிக்க மருத்துவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அது நிமோனியா இல்லை, உயரத்தால் வருவது என்று பரவலாகத் தெரிந்ததாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், உதடு நீலம் பாய்வது, இருமினால் இளஞ்சிவப்பு நுரை வருவது, இதெல்லாம் அடையாளம். பெரும்பாலும் இரண்டாவது இரவிலிருந்து நான்காவது இரவுக்குள் வரும். அதற்கும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: ஆக்ஸிஜன், உடனே கீழே இறங்குவது.

போகும் வழியைத் திட்டமிடுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். முடிந்தால் நேராகப் பறந்து போய் 3,500 மீட்டரில் இறங்காதீர்கள். 2,000 முதல் 2,700 மீட்டருக்குள் ஏதாவது ஊரில் ஓரிரண்டு இரவு தங்கிவிட்டு ஏறினால் உடம்புக்கு அவகாசம் கிடைக்கும். சாலை வழி என்றாலும் அது எவ்வளவு உயரக் கணவாய்களைத் தாண்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் அதே இடத்தில் ஓர் இரவு கூடுதலாக இருக்க வேண்டும். பகலில் கொஞ்சம் மேலே போய்விட்டு இரவில் இறங்கி வந்து படுக்கலாம், உடம்பு நன்றாக இருந்தால் மட்டும். நாங்கள் போட்ட திட்டத்தில் மூன்றாவது இரவே ஊரைவிட 800 மீட்டர் கூடுதல் உயரத்தில் படுக்கை. எனக்குத் தலைவலியே இல்லாமல் இருந்திருந்தாலும் அது தவறான திட்டம். நேராகப் பறந்துதான் ஆக வேண்டும் என்றால், முதல் இரண்டு நாள் முழுக்க ஓய்வு. படி ஏறி இறங்குவதுகூட அளவோடு. பெட்டியை அத்தான் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

அசிட்டஸோலமைடு என்ற மாத்திரை இருக்கிறது. வழக்கமாகப் பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கச் சொல்கிறார்கள். இது உடம்பு பழகுவதை வேகப்படுத்தும், வலியை மறைக்கும் மாத்திரை இல்லை. சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனிகள் குறுகுறுக்கும், அது பழகிவிடும். ஆனால் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இதய நோய், நுரையீரல் நோய் உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் கட்டாயம். தண்ணீர் நிறையக் குடித்தால் மலைநோய் வராது என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். அங்கே காற்று வறண்டது, தாகம் தீரக் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் லிட்டர் லிட்டராகக் குடித்துத் தடுத்துவிட முடியாது, அளவுக்கு மீறினால் உடம்பில் உப்பு குறைந்து அது தனிப் பிரச்சினை ஆகும். கையடக்க ஆக்ஸிஜன் கேனும் அப்படித்தான். சில நிமிடம் வரும், ஆறுதலாக இருக்கும், இறங்குவதற்குப் பதிலாக அதை நம்ப முடியாது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரை அறைக்குக் கட்டியது திரும்பவில்லை. மருத்துவமனைச் செலவு தனி. திரும்பும் டிக்கெட்டை மூன்று நாள் தள்ளிப்போட்டதில், மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமும் சேர்ந்து கிட்டத்தட்ட புது டிக்கெட் விலை ஆகிவிட்டது. அலுவலகத்தில் அந்த மூன்று நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள். எல்லாம் கூட்டினால், இந்தப் பயணத்துக்கென்று ஒரு வருடம் சேர்த்ததைப் போல இன்னொரு மடங்கு போயிருந்தது. பயணக் காப்பீடு எடுத்திருந்தேன், அது கைகொடுக்கும் என்று நம்பிப் பில்லையெல்லாம் அனுப்பினேன். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஏற்படும் பாதிப்புக்கு இழப்பீடு கிடையாது என்று பாலிசியில் ஒரு வரி இருந்தது. பணம் கட்டும்போது அதை நான் படிக்கவில்லை. எல்லாப் பாலிசியிலும் அப்படி இருக்காது, ஆனால் உங்களுடையதில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட்டிலும் தேதி மாற்ற வழி இருப்பதையே எடுங்கள். உயரமான ஊருக்குப் போகும் பயணத்தில் இரண்டு நாள் உடம்புக்கென்று எழுதி வைத்துவிட்டு மிச்சத்தில்தான் திட்டம் போட வேண்டும். நாட்கணக்கில் பார்த்தால், ஒன்பது நாளில் ஐந்து நாள் எனக்குப் படுக்கையிலேயே போனது.

மூன்று நாள் தள்ளிப்போட்டதில் எனக்கு வருத்தமில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் தலைவலி வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் வீட்டுக்கு அனுப்பினார். இனி மேலே எங்கும் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதனால் போவதற்கு இடமே இல்லாமல் போனது, நாங்கள் வீட்டில் இருந்தோம். நான் ஆசைப்பட்டு வந்ததே இதற்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. ஏரியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? அக்காவோடு வெயில் விழும் ஜன்னலோரத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பழைய கதை பேசினோம். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் அவளிடம் மட்டும் சொல்வேனாம், அம்மாவிடம் சொல்ல மாட்டேனாம். "இப்ப என்கிட்டயே மறைச்சிட்டியேடி" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீர் அங்கே 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் எதுவும் வேகாது என்று அத்தான் விளக்கிக்கொண்டே சமைத்தார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது.

குழந்தை மட்டும் சும்மா இருக்கவில்லை. மருத்துவமனையில் என்னைக் கோட்டில் நடக்கவிட்டதைப் பார்த்திருந்தாள். வீட்டுக்கு வந்த அன்று சாக்பீஸை எடுத்து என் கட்டிலிலிருந்து வாசல் வரை தரையில் நீளமாக ஒரு கோடு போட்டாள். தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன், பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "சித்தி, நட" என்பாள். நான் குதிகாலை விரல்நுனியில் வைத்து நடந்து போய் அவளைத் தொட வேண்டும். தொட்டதும், "தலை வலிக்குதா? குமட்டுதா? சுத்துதா? அசதியா இருக்கா?" என்று வரிசையாகக் கேட்பாள். ஊருக்குக் கிளம்பிய அன்று அசதியாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். பெட்டியை அத்தான் தூக்கிக்கொண்டார், நாற்பத்திரண்டு படியையும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.